ரிஜெக்ட் அக்கா பஸ் பிடித்த கதை

காலணித் தொழிற்சாலையில் கடைசி மேசை அவளுடையது. வெட்டி, தைத்து, ஒட்டி, பளபளவென்று வந்து சேரும் ஜோடிகளைப் பெட்டியில் வைக்குமுன் பார்த்து அனுப்புவது அவள் வேலை. பார்த்து அனுப்புவது என்பதெல்லாம் பேச்சுக்குத்தான். பார்த்துத் திருப்பி அனுப்புவதே அதிகம். மேல்தோலின் மினுமினுப்பை அவள் ஏறெடுத்தும் பார்க்க மாட்டாள். கையை உள்ளே விட்டு நுனி வரை தடவுவாள். அடிப்பாகத்தை, அதாவது சோலை, இரண்டாக மடித்துப் பார்ப்பாள். மூக்கருகே கொண்டுபோய்ப் பசை காய்ந்துவிட்டதா என்று முகர்ந்து பார்ப்பாள். பிடிக்கவில்லையென்றால் ஒரு வார்த்தை பேசாமல் இடப்பக்கக் கூடையில் போட்டுவிடுவாள். தையல் பகுதி ஆட்கள்தான் அவளுக்கு ரிஜெக்ட் அக்கா என்று பெயர் வைத்தார்கள். அவளைவிட வயதில் மூத்தவர்களுக்கும் அவள் அக்காதான்.

வீட்டிலும் அதே கதைதான். கடையில் தக்காளியை ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்து எடுப்பதற்குள் பின்னால் நிற்பவர்களுக்குப் பொறுமை போய்விடும். "இவ்வளவு பாக்கிறவ என்னை மட்டும் எப்படிப் பாஸ் பண்ணுனாள்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குப் புரியல" என்று அவள் கணவர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். "அன்னிக்குக் கரண்ட் இல்ல" என்பாள் அவள்.

தொழிற்சாலை ஆட்கள் ஆண்டுக்கு ஒருமுறை குடும்பத்தோடு எங்காவது போய்வருவார்கள். போன ஆண்டு வாடகைக்குப் பிடித்த பஸ் பாதி வழியில் படுத்துவிட்டது. ஆண்களெல்லாம் இறங்கித் தள்ள, பெண்கள் கைக்குழந்தைகளோடு சாலையோரம் நடந்தார்கள். அந்தக் கோபத்தில் அவள் அன்று முழுக்கப் பேசிய பேச்சை, தொழிலாளர் சங்கச் செயலாளர் இன்னும் மறக்கவில்லை. இந்த ஆண்டு கடலுக்குப் போவதென்று முடிவானதும் அவர் நேராக அவள் மேசைக்கு வந்தார்.

"பஸ்ஸ நீயே பாத்துப் பிடிச்சிரும்மா. அப்பத்தான் குறை சொல்ல ஆள் இருக்காது."

குத்தலாகத்தான் சொன்னார். அவள் அதை வேலையாகவே எடுத்துக்கொண்டாள்.

முதலில் போன கம்பெனியின் பஸ், கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றது. புதுப் பெயின்ட், புதுத் திரைச்சீலை, ஓட்டுநருக்கு முன்னால் ஒரு டிவி. அவள் சுற்றி வந்து பின்சக்கரத்தருகே குந்தி உட்கார்ந்தாள். பஸ்ஸைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் டயர் என்பது பஸ்ஸின் சோல்தானே? வெளிச்சக்கரம் நன்றாக இருந்தது. கையை நீட்டி அதற்கு உள்ளே மறைந்திருந்த சக்கரத்தைத் தடவினாள். குழந்தையின் கன்னம்போல வழவழவென்றிருந்தது. எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டாள். இரண்டாவது கம்பெனியில் அவசர வழிக் கதவை மறித்துக் கூடுதலாக ஒரு சீட் போட்டிருந்தார்கள். "அந்த வழியா யாரும் இறங்க மாட்டாங்க மேடம்" என்றார் அங்கிருந்தவர். "எல்லாம் நல்லா இருக்கும்போது யாரும் இறங்க மாட்டாங்கதான்" என்று சொல்லிவிட்டு அங்கிருந்தும் கிளம்பினாள்.

மூன்றாவது கம்பெனிக்குப் போக அவளுக்கு மனமே இல்லை. அங்கேதான் அவள் தம்பி டிரைவர்.

தம்பி முன்பு ஓட்டிக்கொண்டிருந்த கம்பெனி மூடிப்போய், வெகு காலம் சும்மா அலைந்தான். கேட்டால் "பாத்துக்கிட்டிருக்கேன்க்கா" என்பான். முகம் மட்டும் நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டே வந்தது. இப்போதுதான் இந்த வேலை கிடைத்து நிமிர்ந்திருக்கிறான். வீட்டில் அவன் மனைவி மாசமாக இருக்கிறாள். சொந்தக்காரன் வேலை பார்க்கிற இடத்தில் போய் நொட்டை சொல்லி அவன் பிழைப்பில் மண்ணைப் போடக் கூடாது என்று அவள் ஒதுங்கியே இருந்தாள். ஆனால் தேதி நெருங்கிவிட்டது. செயலாளரும் தினமும் வந்து, "உன் தம்பி இருக்கிற கம்பெனியே இருக்கும்போது ஊரெல்லாம் எதுக்கும்மா சுத்துறே?" என்று நச்சரித்தார்.

போனாள். சொந்தம் என்று எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. உள்சக்கரங்களைத் தடவினாள். தம்பியை ஏறி உட்காரச் சொல்லி, பிரேக்கை மிதிக்க வைத்துப் பின்விளக்கு எரிகிறதா என்று பார்த்தாள். அவசர வழிக் கதவைத் தானே திறந்து, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, அதன் வழியாகக் குதித்தும் பார்த்தாள். ஷெட்டில் இருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். இன்சூரன்ஸ் தேதி, வண்டியின் தகுதிச் சான்று எல்லாவற்றையும் கேட்டு வாங்கிப் படித்தாள். கடைசியில் தம்பியிடம் கையை நீட்டினாள்.

"லைசென்ஸ்."

"அக்கா, என் லைசென்ஸ்தானேக்கா! எடுத்த அன்னிக்கு உன்கிட்டதான முதல்ல காட்டினேன்?"

"காட்டுடா."

முன்னும் பின்னும் படித்துவிட்டுக் கொடுத்தாள். தம்பிக்கு மானம் போயிற்று. ஆனால் பஸ் நல்ல பஸ்தான். முதலாளி சிரித்த முகமாகவே நின்றார். "வேற ஏதாச்சும் கேக்கணுமா மேடம்?"

ஒன்று பாக்கியிருந்தது. வண்டி எடுப்பதற்கு முதல் நாள் டிரைவருக்கு ஓய்வு உண்டா என்பது. மற்ற இரண்டு கம்பெனிகளில் கேட்பதற்காகவே மனதில் வைத்திருந்து, அதுவரை போகாமலே திரும்பிவிட்ட கேள்வி. "டிரைவர் முதல் நாள்..." என்று அவள் ஆரம்பித்ததுமே முதலாளி குறுக்கிட்டார்.

"டிரைவரா? உங்க தம்பியத்தான் அனுப்பப் போறேன். சொந்த அக்கா ஏறுற வண்டி. அதுக்கு மேல என்ன கேரண்டி மேடம் வேணும்?"

தம்பி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். போதும்க்கா, விட்டுடுக்கா என்று அந்தக் குனிந்த தலையே கெஞ்சியது. அவள் வாயை மூடிக்கொண்டாள். யாரோ ஒருவன் டிரைவராக இருந்திருந்தால் கேட்டிருப்பாள், பதிலை இரண்டு முறை சொல்ல வைத்திருப்பாள். தம்பி என்பதால் பாஸ் போட்டுவிட்டாள்.

கிளம்புகிற நாள் காலையில் தொழிற்சாலை வாசல் திமிலோகப்பட்டது. சாப்பாட்டு டப்பாக்கள், தண்ணீர்ப் பாட்டில்கள், காற்றடைத்த பந்துகள், முதல்முறை கடலைப் பார்க்கப் போகிற பிள்ளைகள். பஸ் கழுவித் துடைத்து நேரத்துக்கு முன்பே வந்து நின்றது. தம்பி ஈரத்தலையை வழித்துச் சீவிக்கொண்டு, தெரிந்தவர்களுக்கெல்லாம் கையசைத்துக்கொண்டிருந்தான். அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. செயலாளர்கூட, "பரவாயில்லம்மா, நல்ல வண்டியாத்தான் பிடிச்சிருக்கே" என்று வாயாரச் சொன்னார்.

அப்போது, கூடவே கடலுக்கு வருவதாக இருந்த தம்பி மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து வந்தாள். கையில் ஒரு பை.

"அண்ணி, இதுல அவருக்குச் சட்டை இருக்கு. கொஞ்சம் குடுத்துருங்க. ரெண்டு நாளா ஒரே சட்டையோட இருக்காரு பாவம்."

"ஏன், வீட்டுக்கு வரலியா?"

"எங்க வந்தாரு? ஏதோ கல்யாணப் பார்ட்டிய ஏத்திக்கிட்டுப் போனவர் விடியறப்பதான் திரும்புனாராம். ஷெட்லயே குளிச்சிட்டு அப்படியே வண்டிய எடுத்துக்கிட்டு வந்துட்டேன்னு ஃபோன் பண்ணுனாரு." அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை. புருஷனின் உழைப்பைப் பெருமையாகத்தான் சொன்னாள்.

 ரிஜெக்ட் அக்கா பையை வாங்கிக்கொண்டு தம்பியிடம் போனாள். கிட்டப் போய் முகத்தைப் பார்த்தாள். தண்ணீர் தெளித்த முகம்தான். கண் மட்டும் செக்கச்செவேலென்று இருந்தது.

"தூங்குனியாடா?"

"டீ குடிச்சிட்டேன்க்கா. ரெண்டு."

"டீயக் கேக்கல. தூங்குனியா?"

டிரைவர்கள் மத்தியில் தூக்கம் என்ற பேச்சே எழாது. கண் சொக்கினால் ஒரு டீ அடிக்கலாமா என்பார்கள். தலை சாய்ந்தால், டயர் சூடாகிவிட்டது, கொஞ்சம் ஆறட்டும் என்பார்கள். தூக்கம் வருகிறது என்று ஒருவன் வாய்விட்டுச் சொன்னால் அடுத்த நாள் அவனுக்கு வண்டி கிடைக்காது. அதைவிடப் பெரிய தண்டனை, மற்ற டிரைவர்கள் அவனுக்குத் தாலாட்டுப் பாடுவார்கள்.

"மெதுவாப் பேசுக்கா. எல்லாரும் இப்படித்தான் ஓட்டுறோம். சீசன்ல இதெல்லாம் சகஜம். நான் பாத்துக்கிறேன், நீ ஏறி உக்காரு."

ஏறினாள். ஏறி, நேராக டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, சாவியை உருவிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். வண்டி ஓட்டத் தெரியாதவள் ஸ்டியரிங்குக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பிள்ளைகள் கைதட்டினார்கள். பெரியவர்களுக்கு விஷயம் புரியச் சற்று நேரம் ஆயிற்று.

"வண்டி இப்ப போகாது" என்றாள். "டிரைவர் தூங்கணும்."

செயலாளர் தலையில் அடித்துக்கொண்டார். "ஏம்மா, பஸ்ஸ ரிஜெக்ட் பண்ணுனே, சரி. கூடப் பொறந்தவனையுமா?"

அந்தப் பேச்சு அவளைச் சுட்டது. ஆனாலும் அசையவில்லை. தம்பி கீழே நின்று பல்லைக் கடித்துக்கொண்டு, "என் வேலைக்கு உலை வைக்காதக்கா" என்றான். அவன் குரல் அப்படி உடைந்து அவள் கேட்டதே இல்லை. அதற்குள் யாரோ முதலாளிக்குத் தகவல் சொல்லிவிட, தம்பியின் ஃபோன் அடித்தது. அவன் பேசவில்லை; அவளிடம் நீட்டினான்.

"மேடம், எங்க டிரைவருங்க எல்லாம் பழகினவங்க."

"தூங்காம இருக்கவா பழகினாங்க?"

 முதலாளியின் சிரிப்பில்லாத குரல் வந்தது. "சரி, வேற ஆள் அனுப்புறேன். உங்க தம்பிய நாளைக்கு வந்து கணக்க முடிச்சுக்கச் சொல்லுங்க."

அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஃபோன் குரல் தம்பிக்கும் கேட்டிருந்தது. அவன் பஸ் படியில் உட்கார்ந்து முகத்தைத் திருப்பிக்கொண்டான். தம்பி மனைவி, "நான் வாயத் திறந்திருக்கவே கூடாது அண்ணி" என்று அழ ஆரம்பித்தாள். ரிஜெக்ட் அக்காவுக்கும் அழுகை முட்டியது. தப்பு இன்று நடந்ததல்ல. அன்று ஷெட்டில், கேட்க வேண்டியதை முழுங்கினாளே, அப்போதே நடந்துவிட்டது. அன்றே கேட்டிருந்தால் இத்தனை பேர் முன்னால் அவன் இப்படிக் கூனிக்குறுகி உட்கார்ந்திருக்க மாட்டான். அதை நினைத்து நினைத்து ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாற்று டிரைவர் பைக்கில் வந்து இறங்கினான். கன்னம் வரை வளர்ந்த மீசை. ஷெட்டில் அவன் பெயரும் மீசைதான். "கிளம்பலாமா?" என்று உற்சாகமாகக் கையைத் தேய்த்துக்கொண்டு வந்தவனை அவள் படியிலேயே நிறுத்தினாள்.

"நீங்க தூங்குனீங்களா?"

மீசை அவளைப் பார்த்தான். படியில் குனிந்து உட்கார்ந்திருந்த தம்பியைப் பார்த்தான்.

"வழக்கமா சொல்றதச் சொல்லவா, உள்ளதச் சொல்லவா?"

"உள்ளத."

"விடியறப்பதான்க்கா ஒரு வண்டிய விட்டுட்டு வீட்டுக்குப் போனேன். தலைகாணில தலைய வெக்கல, ஃபோன் வந்திருச்சு." சொல்லும்போதே அவனுக்கு ஒரு பெரிய கொட்டாவி வந்தது. அவ்வளவு நேரமும் அதை அடக்கிவைத்திருந்தான் போலிருக்கிறது. கூட்டத்தில் முதல் சிரிப்பு அப்போதுதான் எழுந்தது. செயலாளர் மட்டும் சிரிக்கவில்லை. இன்னொரு டிரைவரைக் கேட்டு வாங்கினாலும் அவனும் இப்படித்தான் வருவான் என்று அவருக்கும் தெரிந்துவிட்டது. பேசாமல் போய் ஸ்டோர் ரூமைத் திறந்துவிட்டார்.

காலணிக்குள் ஒட்டுகிற ஃபோம் அங்கே சுருள் சுருளாகக் கிடந்தது. இரண்டு சுருளைத் தரையில் விரித்தார்கள். மீசை செருப்பைக் கழற்றிவிட்டு விழுந்தவன், அடுத்த நிமிடம் குறட்டை விட்டான். தம்பி வாசலிலேயே நின்றான். "நான் தூங்க மாட்டேன்" என்று வீம்பு பிடித்தான். அந்தக் குறட்டையைக் கேட்கக் கேட்க அவன் கால்கள் அவனை மீறி உள்ளே போயின.

அதன்பிறகு நடந்ததை அந்தத் தொழிற்சாலையில் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். ஐம்பது பேர், போட்டுக்கொண்டு வந்த புதுத்துணியோடு, இரண்டு பேர் தூங்குவதற்காக முற்றத்தில் காத்துக்கிடந்தார்கள். மத்தியானச் சாப்பாட்டைக் காலையிலேயே பிரித்துத் தின்றார்கள். சீட்டாடியவர்கள் சீட்டை ஓங்கிப் போடாமல் மெல்ல வைத்தார்கள். பந்து விளையாடிய பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு கோல் போட்டார்கள். தோல் மூட்டை ஏற்றி வந்த லாரி வாசலில் ஹாரன் அடிக்கப் போக, காவலாளி ஓடிப்போய் இரண்டு கையையும் கூப்பினார். கைக்குழந்தை ஒன்று வீலென்று கத்தியபோது எல்லோரும் அதன் தாயைக் குற்றவாளியைப் போலப் பார்த்தார்கள்.

"ஐம்பது பேரு ரெண்டு பேரு தூங்குறதுக்குக் காவல் காக்கிறோம். வெளிய சொன்னா சிரிப்பாங்க" என்று செயலாளர் கிசுகிசுத்தார்.

"இப்ப நாம காக்கிறோம். அப்புறம் அவங்க நம்மளக் காப்பாங்க" என்றாள் அவளும் கிசுகிசுப்பாகவே.

வெயில் உச்சிக்கு ஏறியபிறகு இருவரும் தாங்களாகவே எழுந்து வந்தார்கள். தம்பியின் கன்னத்தில் ஃபோமின் வரி பதிந்திருந்தது. கண் தெளிந்திருந்தது. கோபம் தெளியவில்லை. சட்டையை மாற்றிக்கொண்டு, அவளிடம் சாவிக்காகக் கையை மட்டும் நீட்டினான். கணக்கு முடிவது நாளைக்குத்தானே, இன்றைக்கு அது அவன் வண்டி. மீசை ஷெட்டுக்குத் திரும்பிப் போயிருக்கலாம்; போகவில்லை. "அங்க போனா இன்னொரு வண்டிய ஏத்தி விட்டுருவாரு, நானும் கடலப் பாக்கிறேன்" என்று ஏறிக்கொண்டான்.

கடலுக்குப் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய ஆரம்பித்திருந்தது. ஆற அமர உட்கார நேரமில்லை. பிள்ளைகள் நனைந்தார்கள், பெரியவர்கள் முழங்கால் வரை நனைந்துவிட்டுப் போதும் என்றார்கள். சிலர் அவள் காதில் விழும்படியே முணுமுணுத்தார்கள். அவள் அதற்குக் கவலைப்படவில்லை. தம்பி பஸ்ஸில் சாய்ந்துகொண்டு தனியே நின்றதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. டப்பாவில் மிச்சமிருந்ததை எடுத்துக்கொண்டு போனாள். அவன் வாங்கவில்லை.

"நாளைக்கு என்னக்கா பண்ணுவேன்? புள்ள வேற வரப்போகுது."

 பக்கத்தில் உட்கார்ந்து பேன்ட்டிலிருந்து மணலைத் தட்டிக்கொண்டிருந்த மீசைதான் வாயைத் திறந்தான். "யோவ், உன்னை நிறுத்தணும்னா உன் இடத்துக்கு ஒரு ஆள் வேணும்ல? அவருகிட்ட ஆள் இருந்தா நீயும் நானும் எதுக்குய்யா முழிச்சுக்கிட்டுக் கெடந்தோம்?"

 தம்பி தன்னையும் மீறிச் சிரித்துவிட்டான். "நாளைக்கு ரெண்டு பேரும் சேந்தே போவோம்" என்றான் மீசை. "நீ போனா நானும் போறேன்னு சொல்றேன். ரெண்டு பஸ்ஸ அவரே ஓட்டட்டும்." தம்பி டப்பாவை வாங்கிக்கொண்டான். அக்காவிடம் இன்னும் நேராகப் பேசவில்லை. ஆனால் டப்பாவைக் காலி செய்துவிட்டுத்தான் கொடுத்தான்.

திரும்பும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. மூன்று பேர் உட்காரும் சீட்டில் ஜன்னலோரம் தம்பி மனைவி, நடுவில் அவள், ஓரம் காலி. பஸ்ஸுக்குள் பாட்டும் கும்மாளமுமாக இருந்தது. பாதி தூரம் வந்திருப்பார்கள். வண்டி வேகம் குறைந்து, ஒரு பெட்ரோல் பங்கின் வெளிச்சத்தில் ஓரங்கட்டி நின்றது. பாட்டு நின்றுபோயிற்று. போன ஆண்டு ஞாபகத்தில் ஆண்கள் சிலர் தள்ளுவதற்கே எழுந்துவிட்டார்கள்.

தம்பி சீட்டிலிருந்து எழுந்து, எல்லோரையும் பார்த்துத் திரும்பி நின்றான். ஒரு முறை தொண்டையைச் செருமினான்.

"எனக்குத் தூக்கம் வருது" என்றான்.

யாரும் சிரிக்கவில்லை. யாரும் தாலாட்டுப் பாடவில்லை. பின்னாலிருந்து செயலாளரின் குரல்தான் கேட்டது: "வந்தா தூங்குப்பா. அதான் இன்னொருத்தர் இருக்காருல்ல."

மீசை எழுந்து ஸ்டியரிங்குக்குப் போனான். தம்பி தட்டுத்தடுமாறி நடந்து வந்து, அக்காவின் பக்கத்துக் காலியிடத்தில் உட்கார்ந்தான். "உள்ளதச் சொல்லிட்டேன்க்கா" என்று ஏதோ குழறினான். வண்டி கிளம்புமுன்பே அவன் தலை அவள் தோளில் சாய்ந்தது. மறுதோளில் தம்பி மனைவி ஏற்கெனவே சாய்ந்திருந்தாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொள்ளக் கையை எடுத்தால் யாராவது ஒருவர் விழித்துக்கொள்வார்கள் என்று அப்படியே விட்டாள்.

ஆனால் குணம் எங்கே போகும்? எழுந்து போய் மீசையின் கண் திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்போல அவளுக்குப் பரபரத்தது. முடியாது. இரண்டு பக்கமும் ஆள் தூங்குகிறது. கழுத்தை நீட்டினாள், மீசையின் பின்னந்தலைதான் தெரிந்தது. பொறுக்க முடியாமல் வாயைத் திறக்கப் போனாள். அதற்குள் முன்வரிசையில் இருந்த ஒரு பெண் முந்திக்கொண்டாள்.

"மீசை, முழிச்சிருக்கீங்களா?"

"இருக்கேன்!"

பஸ் சிரித்தது. கொஞ்ச தூரம் போனதும் பின்வரிசையிலிருந்து ஒரு தையல்காரர் கேட்டார். பிறகு ஒரு சிறுமி கேட்டாள். பிறகு செயலாளரே கேட்டார். ஒவ்வொருவரும் முறை வைத்ததுபோலக் கேட்க, மீசையும் சளைக்காமல் "இருக்கேன், இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே வந்தான். அவள் கேட்க வேண்டிய கேள்வியை ஐம்பது பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சற்று நேரம் அதையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

தொழிற்சாலை வாசலில் வண்டி நின்று எல்லோரும் இறங்கிய பிறகு, ரிஜெக்ட் அக்காவைத் தம்பிதான் தட்டி எழுப்ப வேண்டியிருந்தது.